காகிதப்பூச் செடி: மூன்றைச் சாகடித்த பிறகு கற்றுக்கொண்டவை

என்னிடம் வந்த முதல் காகிதப்பூச் செடி நாற்பது நாள் இருந்தது. இரண்டாவது ஒரு மழைக்காலத்தோடு போய்விட்டது. மூன்றாவது செய்தது அதைவிட மோசம். இரண்டு வருடம் இலையாகவே தழைத்து, ஒரு பூ விடாமல் நின்று, கடைசியில் தொட்டி மாற்றியபோது செத்தது. தெருவோரச் சுவரில் யாருமே தண்ணீர் ஊற்றாத இதே செடி கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கிறது. பார்த்துப் பார்த்து வளர்த்த எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று புரியவில்லை. நான்காவது செடி வாங்கப் போன நர்சரியில் களை எடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கதையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தினமும் தண்ணி ஊத்துறீங்களா தம்பி?"

"ஆமாங்க."

"அதான்."

அதோடு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த "அதான்" என்பதை விரித்தால் வருவதுதான் இந்தக் கட்டுரை. போகன்வில்லா என்று கேட்டாலும் காகிதப்பூ என்று கேட்டாலும் கிடைப்பது ஒரே செடிதான். அதனால் பெயர்க் குழப்பம் வேண்டாம்.

1. செடிக்கு முன்னால் வெயிலை அளந்து பாருங்கள்

செடி வாங்கும் முன் ஒரு விடுமுறை நாளை இதற்கு ஒதுக்குங்கள். வைக்க நினைக்கும் இடத்தைக் காலை 7 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, நேரடி வெயில் விழுகிறதா இல்லையா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். எட்டு மணி நேரம் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. "வெயில் இல்லை, ஆனால் நல்ல வெளிச்சம்" என்பதெல்லாம் இந்தச் செடியிடம் செல்லாது. என் மூன்றாவது செடி அப்படி ஒரு நல்ல வெளிச்சத்தில்தான் இரண்டு வருடம் நின்றது.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. காகிதப்பூவின் முள்ளும் பூங்கொத்தும் இலைக்காம்பு தண்டோடு சேரும் அதே இடுக்கில்தான் பிறக்கின்றன. வெயில் போதுமான அளவு இருந்தால் அந்த மொட்டு பூங்கொத்தாகிறது. போதாவிட்டால் முள்ளாகிவிடுகிறது. உங்கள் செடியில் புதுக் கிளை முழுக்க முள்ளாகவே வருகிறதென்றால் அது பூக்க முயன்று வெளிச்சம் போதாமல் விட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெயில் விழும் இடம் பருவத்துக்குப் பருவம் நகரும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு மாதம் வெயிலில் குளிக்கும் மூலை, ஆறு மாதம் கழித்துப் பக்கத்துக் கட்டட நிழலில் கிடக்கலாம். முதல்முறை வளர்ப்பவருக்கு நான் தொட்டியையே சொல்வதற்கு இது ஒரு காரணம். இடம் சரியில்லை என்றால் நகர்த்திக்கொள்ளலாம்.

தரையில்தான் வைப்பேன் என்றால் சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். நடைபாதை, குழந்தைகள் ஓடும் இடம், வண்டி திரும்பும் மூலை இவற்றின் ஓரத்தில் வேண்டாம். இன்று ஒரு முழம் இருக்கும் செடி, இரண்டு வருடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் போய் நாலா பக்கமும் முள்ளை நீட்டும்.

2. எழுத்தில் இருக்க வேண்டியவை

செடி வளர்க்கக் காகிதம் எதற்கு என்று நானும் நினைத்தேன். மூன்று விஷயம் எழுத்தில் இருப்பது நல்லது.

வாடகை வீடு அல்லது அடுக்குமாடி என்றால் அனுமதி. தொட்டி வைக்கத் தடை இருக்காது என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். ஆனால் சுவரில் கம்பி அடித்துக் கொடி ஏற்றுவது, பால்கனிக் கைப்பிடியில் தொட்டி மாட்டுவது, கீழ்வீட்டுப் பால்கனியில் பூ உதிர்வது என்று பிரச்சினை பல வழியில் வரும். வீட்டுக்காரரிடமோ குடியிருப்புச் சங்கத்திடமோ ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள், குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும். எடையையும் சொல்லிவிடுங்கள். ஒரு அடி அகலமுள்ள மண்தொட்டி, நனைந்த மண்ணோடு 25 கிலோ வரை வரும். நான்கு தொட்டி வைத்தால் 100 கிலோ.

இரண்டாவது, செடியோடு வரும் பெயர்ச்சீட்டு. அதைத் தூக்கி எறியாதீர்கள். குட்டையாக நிற்கும் ரகமா, இருபது அடி ஓடும் ரகமா என்பது அந்தப் பெயரில்தான் இருக்கிறது. சீட்டு இல்லையென்றால் வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெயிலில் மை மங்கிவிடும், அதனால் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, ஒரு சின்ன நோட்டு. நட்ட தேதி, கவாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) தேதி, உரம் வைத்த தேதி, முதல் நிறம் தெரிந்த தேதி. இந்த நான்கு போதும். ஒரு வருடம் எழுதினால் உங்கள் வீட்டில் உங்கள் செடி எப்போது பூக்கும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

3. காசு எங்கே போட வேண்டும்

முதல் செலவு தொட்டிக்கும் மண்ணுக்கும். செடிக்கு அதற்கு அப்புறம்தான். நான் செய்தது நேர்மாறு. பூத்துக் குலுங்கும் பெரிய செடியாகப் பார்த்து அதிக விலைக்கு வாங்கி, வீட்டில் கிடந்த பழைய பிளாஸ்டிக் வாளியில் வைத்தேன். அந்த வாளிக்கு அடியில் ஒரே ஓட்டை.

ஒரு அடி, ஒன்றரை அடி உயரமுள்ள இளம் செடி போதும். விலையும் குறைவு, இடம் மாறியதிலிருந்து சீக்கிரம் தேறியும்விடும். அப்புறம் முழங்கை வரை வரும் தடித்த கையுறை, கூர்மையான கவாத்துக் கத்தரி, ஒரு சிறு புட்டி வேப்பெண்ணெய். பூக்க வைக்கும் அதிசய மருந்து என்று விற்கும் புட்டிகள் எதுவும் வேண்டாம். அவற்றில் இரண்டை நானும் வாங்கியிருக்கிறேன். வெயில் இல்லாத இடத்தில் எந்தப் புட்டியும் பூக்க வைக்காது.

4. நர்சரியில் செடியைப் பார்ப்பது

பூவைப் பார்த்து மயங்க வேண்டாம். நாம் பூ என்று பார்க்கிற அந்தக் காகிதம் போன்ற நிறம் உண்மையில் பூவடி இலை. பெரும்பாலும் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் நடு நரம்பை ஒட்டி, குண்டூசித் தலை அளவுக்கு வாய் விரிந்த வெள்ளைக் குழல் ஒன்று நிற்கிறதே, அதுதான் பூ. நர்சரியில் அந்தக் குழல்கள் விரியாமல் மூடியிருக்கும் செடியை எடுங்கள். அதன் நிறம் இன்னும் சில வாரம் நிற்கும். எல்லாம் விரிந்து வாடியிருந்தால், வீட்டுக்கு வந்து நான்கு நாளில் கொட்டிவிடும். அதைப் பார்த்து நாமும் பதறித் தண்ணீரை அள்ளி ஊற்றுவோம்.

அடித்தண்டைப் பாருங்கள். பென்சில் அளவாவது தடித்து, மரமாகி இருக்க வேண்டும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கணு இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி, அந்தச் செடி வேண்டாம். ஒரே செடியில் மூன்று நிறம் என்று விற்பது ஒட்டுக் கட்டியது. அது ஏமாற்று வேலை இல்லை. ஆனால் மூன்றில் வீரியமான நிறம் மற்ற இரண்டையும் அமுக்கிவிடும். அதை அடிக்கடி வெட்டிக் கட்டுப்படுத்த வேண்டும். ஒட்டுக்குக் கீழேயிருந்து வரும் சிம்புகளையும் வந்தவுடன் கிள்ளிவிட வேண்டும். முதல் செடிக்கு இந்த வம்பு எதற்கு?

ரகத்தைப் பொறுத்தவரை என் கருத்து இது. கருஞ்சிவப்பு, ஊதா கலந்த இளஞ்சிவப்பு ஆகிய சாதாரண நிறங்கள்தான் அதிகம் தாங்கும். ஒரே செடியில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் வரும் 'மேரி பாமர்' பார்க்க அழகு. இலையில் வெள்ளைத் திட்டு உள்ள ரகங்கள் மெதுவாகத்தான் வளரும். 'மகாரா' போன்ற அடுக்கு ரகங்களில் வாடிய பூ தானாக உதிராமல் பழுப்பாகக் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கையால்தான் நறுக்க வேண்டும். சோம்பேறிகளுக்கு அது ஆகாது, எனக்கு ஆகவில்லை. சின்ன இடத்துக்கு 'டார்ச் குளோ' நல்லது. கிளைகள் நிமிர்ந்து, பூ நுனியில் தீப்பந்தம் மாதிரி திரண்டு வரும்.

5. தொட்டியும் மண்ணும்

செடி வந்த பையைவிட இரண்டு அங்குலம் அகலமான தொட்டி போதும், அதற்கு மேல் வேண்டாம். "பெரிசா வெச்சா நல்லா வளருமே" என்று எல்லோரும் சொல்வார்கள். நன்றாக வளரும்தான், இலையாக. வேர் தொட்டியை நிறைத்து நெருக்கமாக இருக்கும்போதுதான் இது தாராளமாகப் பூக்கும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் எப்போதும் ஈரமாகவே கிடந்து, அழுகலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

மண்தொட்டிதான் என் விருப்பம். பக்கச் சுவரிலும் ஈரம் ஆவியாகும். பிளாஸ்டிக் என்றால் அடியில் நான்கைந்து ஓட்டையாவது போட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால், தண்ணீர் ஊற்றி அரை மணியில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

மண் கலவை எளிது. தோட்ட மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. களிமண் என்றால் மணலைக் கூட்டுங்கள். கலவையை நனைத்துக் கைப்பிடியாக அழுத்தித் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் கொழுக்கட்டை மாதிரி நின்றால் இன்னும் மணல் சேருங்கள். கோகோபீட்டை (தேங்காய் நார்த் தூள்) கொஞ்சமாகச் சேர்க்கலாம், ஆனால் அது தண்ணீரைப் பிடித்துவைக்கும். முழுக்க அதிலேயே வைத்த என் முதல் செடிதான் நாற்பது நாளில் போனது.

தொட்டியை நேரே தரை மண்ணில் உட்கார வைக்காதீர்கள். இது நிறையப் பேருக்குத் தெரியாத கண்ணி. ஓட்டை வழியாக வேர் தரைக்குள் இறங்கிவிடும். திடீரென்று செடி காடாக வளரும், பூ நின்றுவிடும். பிறகு தொட்டியைத் தூக்கினால் வேர் பட்டென்று அறுந்து, ஒரே வாரத்தில் இலையெல்லாம் கொட்டும். இரண்டு செங்கல் மேல் வையுங்கள், வேலை முடிந்தது.

6. நடுவது: பத்து நிமிட வேலை, செடி சாவதும் இங்கேதான்

காகிதப்பூவின் மேல்பக்கத்தைப் பார்த்தால் முரடு. வேரோ நூல் மாதிரி, தொட்டால் அறும். மற்றச் செடிகளைப் பையிலிருந்து உருவி, வேரைக் கையால் கோதிவிட்டு நடுவோமே, அதை இங்கே செய்தால் செடி பிழைப்பது கஷ்டம். என் மூன்றாவது செடியை அப்படித்தான் கொன்றேன். மண்ணை உதறியபோது கையில் சன்னமாக நறநறவென்று ஏதோ ஒடிவது தெரிந்தது. மண்கட்டி என்று நினைத்தேன், வேர் என்று அப்புறம் புரிந்தது.

செய்ய வேண்டியது இதுதான். முந்தின நாள் மாலை பைக்குத் தண்ணீர் விடுங்கள், மண் கட்டியாகப் பிடித்திருக்கும். புதுத் தொட்டியில் பாதிக் கலவை போட்டு, பையின் உயரத்துக்குக் குழி தயாராக இருக்கட்டும். பையின் அடிப்பாகத்தை பிளேடால் வட்டமாக வெட்டி எடுங்கள். செடியைப் பையோடு குழியில் இறக்குங்கள். பிறகு பக்கவாட்டில் மேலிருந்து கீழே ஒரு கீறல் போட்டு, பையை மட்டும் உருவுங்கள். சுற்றிலும் கலவையை நிரப்பி, விரலால் லேசாக அழுத்தினால் போதும். தண்டு முன்பு எந்த அளவுக்கு மண்ணுக்குள் இருந்ததோ அதே அளவுதான் இப்போதும் இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் அடித்தண்டு அழுகும்.

நட்டதும் ஓட்டை வழியாகத் தண்ணீர் வழியும்வரை ஊற்றுங்கள். நான்கைந்து நாள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, பிறகு முழு வெயிலுக்கு மாற்றுங்கள். இலை கொஞ்சம் கொட்டும். பதற வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மூன்று வாரத்துக்குள் கணுவில் சிவந்த துளிர் எட்டிப் பார்க்கும்.

தரையில் நடுவதும் இதே முறைதான். குழியின் அகலம் வேர்ப்பந்தைப்போல் இரண்டு மடங்கு, ஆழம் அதே அளவு. முதல் மாதம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர், பிறகு வாரம் ஒருமுறை. ஒரு வருடம் போனால் நீண்ட வறட்சி தவிர மற்ற நேரம் அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம்.

7. தண்ணீர்

மூன்று செடியைச் சாகடித்த அனுபவம் இந்த ஒரு தலைப்பில் அடங்கும். தேதி பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள், தொட்டியைப் பார்த்து ஊற்றுங்கள்.

ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் பட்டால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால், ஓட்டையில் வழியும்வரை முழுசாக ஊற்றுங்கள். தினமும் ஒரு டம்ளர் தெளிப்பதுதான் மிக மோசம். மேல்மண் எப்போதும் ஈரம், கீழ்வேருக்கு எப்போதும் பட்டினி. தொட்டி சிறியது என்றால் விரலும் வேண்டாம். ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். இரண்டு வாரத்தில், நனைந்த தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் உள்ள எடை வித்தியாசம் கைக்குப் பழகிவிடும்.

இன்னொரு கண்ணி. தண்ணீர் குறைந்தாலும் இலை தொங்கும், கூடி வேர் அழுகினாலும் இலை தொங்கும். தொங்கும் இலையைப் பார்த்ததும் கை குவளையைத் தேடும். முதலில் மண்ணைத் தொடுங்கள். மண் ஈரமாக இருந்து இலையும் தொங்கினால் வேர் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தண்ணீரை நிறுத்தி, மழை படாத இடத்துக்கு நகர்த்துங்கள்.

இனி பூக்க வைக்கும் வித்தை. செடி தொட்டியில் வேர் பிடித்து, நன்றாகத் தழைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், ஆறு மாதமாவது ஆகியிருக்கட்டும். தண்ணீரை நிறுத்துங்கள். நுனி இலைகள் லேசாகத் துவளும். துவண்ட அன்று மாலை கொஞ்சமாகத் தண்ணீர். மறுபடி துவளும்வரை காத்திருங்கள். இப்படி மூன்று நான்கு சுற்று. ஏறத்தாழ மூன்று நான்கு வாரத்தில் இலை இடுக்குகளில் கடுகு அளவுக்குச் சிவந்த புள்ளிகள் தெரியும். அவை தெரிந்ததும் பட்டினியை முடித்து, வழக்கமான தண்ணீருக்குத் திரும்பிவிடுங்கள். மொட்டு வந்த பிறகும் காயப் போட்டால் அத்தனையும் உதிர்ந்துவிடும். நான் ஒருமுறை பேராசையில் இன்னும் ஒரு வாரம் காயவிட்டேன். துடைப்பத்தால் கூட்டி அள்ளினேன்.

மழைக்காலத்தில் இந்த வித்தை பலிக்காது. தொடர்ந்து மழை என்றால் தொட்டியைக் கூரை ஓரத்துக்கு, ஆனால் வெயில் படும்படி, நகர்த்துங்கள். உறைபனி விழும் ஊரில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் செடியை வீட்டுக்குள் கொண்டுவந்து, இருப்பதிலேயே வெயில் அதிகம் விழும் சன்னலருகே வைத்து, தண்ணீரை வெகுவாகக் குறைக்க வேண்டும். இலை கொட்டி மொட்டையாக நிற்கும். அது தூக்கம்தான்.

8. உரம்: குறைவாக

தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் இலை, அதிலும் பெரிய கரும்பச்சை இலை. யூரியா பக்கமே போகாதீர்கள். தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சமமாக உள்ள, மெதுவாகக் கரையும் உரத்தைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் பாதி எடுத்து, வளரும் பருவத்தில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வையுங்கள். இயற்கை உரம்தான் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம். காய்ந்த மண்ணில் உரம் வைக்காதீர்கள், வேர் கருகும். முதல் நாள் தண்ணீர், மறுநாள் உரம், மறுபடி தண்ணீர். புதிதாக நட்ட செடிக்கு இரண்டு மாதம் எதுவும் வேண்டாம்.

9. கவாத்து

புதுக் கிளையில்தான் பூ வரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எப்போது வெட்டுவது என்ற சந்தேகமே வராது. ஒரு சுற்றுப் பூத்து முடிந்து நிறம் வெளிறிக் கொட்டத் தொடங்கியதும் வெட்டுங்கள். வெட்டி இரண்டு வாரத்தில் துளிர், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் அடுத்த நிறம். பூ நான்கிலிருந்து ஆறு வாரம் நிற்கும். அப்புறம் மறுபடி வெட்டு. துளிர்கள் நீண்டு, நுனியில் நிறம் வரப்போகும் நேரத்தில் "கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாமே" என்று கத்தரியை எடுத்தால், வரவேண்டிய பூவைத்தான் வெட்டுகிறீர்கள்.

சாதாரணக் கவாத்துக்குக் கிளையின் மூன்றில் ஒரு பங்கை, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். அடியிலிருந்து விறுவிறுவென்று நேராக மேலே போகும் தடித்த போத்துகள் செடியின் பலத்தையெல்லாம் உறிஞ்சும். அவற்றைத் தயங்காமல் அடியோடு எடுங்கள். உள்ளே ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் எடுங்கள். துளிர் நான்கு அங்குலம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் ஒன்று இரண்டாகப் பிரியும், பூ நுனியும் இரட்டிப்பாகும். இந்தக் கிள்ளலைத் துளிர்க் காலத்தோடு நிறுத்திவிடுங்கள்.

கொடியாக ஏற்ற நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இதற்குப் பற்றுக்கம்பியும் கிடையாது, ஒட்டும் வேரும் கிடையாது. முள்ளை மாட்டித்தான் ஏறும். நீங்கள்தான் கட்ட வேண்டும். பழைய துணிக் கீற்றால் எட்டுப் போட்டு, ஒரு வளையம் கம்பிக்கும் ஒரு வளையம் கிளைக்குமாகத் தளர்வாகக் கட்டுங்கள். கிளையைச் செங்குத்தாக விடாமல் படுக்கையாக வளைத்துக் கட்டினால் அதன் நீளம் முழுக்கக் கணுவுக்குக் கணு பூக்கும். முற்றிய கிளை வளைக்கும்போது ஒடியும், இளசாக இருக்கும்போதே வளையுங்கள்.

வெட்டியவுடன் அந்த இடத்திலேயே அள்ளிவிடுங்கள். காய்ந்த முள் செருப்பைத் துளைக்கும், சைக்கிள் டயரையும் துளைக்கும். மக்கும் குழியில் போட்டால் இலை மக்கும், முள் லேசில் மக்காது. முள் கீறிய இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிலருக்குச் சாறு பட்டால் தடிக்கும், அரிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டுவதும் நல்லது. வளைத்துப் பிடித்த கிளை விடுபட்டால் முகத்தை நோக்கித்தான் வரும்.

10. இலை ஓரம் கடிபட்டிருக்கிறதா?

இரவோடு இரவாக இலை ஓரங்கள் வளைவு வளைவாகக் கடிபட்டிருக்கும், பகலில் ஒரு பூச்சியும் கண்ணில் படாது. நான் ஒரு வாரம் நத்தையைச் சந்தேகப்பட்டேன். இரவு ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு அங்குல நீளத்தில், தண்டின் நிறத்திலேயே, உடலை வளைத்து வளைத்து முழம் போட்டு நடக்கும் புழு. வெளிச்சம் பட்டதும் குச்சி மாதிரி விறைத்துக்கொண்டது. இலேசான தாக்குதல் என்றால் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அதிகம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுத் திரவச் சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். பகல் வெயிலில் தெளித்தால் இலை கருகும். மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் இதே மருந்துதான். அதற்கு முன் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள், பாதி போய்விடும்.

மஞ்சள் இலைக்கு ஒரே காரணம் கிடையாது. அடி இலைகள் மொத்தமாக மஞ்சளித்து உதிர்ந்தால் முதல் சந்தேகம் தண்ணீர் அதிகம் என்பதுதான். இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக, நடுப்பகுதி மஞ்சளாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. காகிதப்பூ சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும். உப்புத் தண்ணீரையே ஊற்றிவரும் வீடுகளில் இது அடிக்கடி வரும். செடிகளுக்கான இரும்புச்சத்துக் கலவை கிடைக்கிறது, பொட்டலத்தில் சொன்ன அளவில் கொடுங்கள். பூத்து முடிந்ததும் கொஞ்சம் பழைய இலை கொட்டுவது நோய் இல்லை.

11. தொட்டி மாற்றுவது

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் ஓரத்தில் நேராக வழிந்து ஓடினால், மாற்ற வேண்டிய நேரம். பூக்கும்போது மாற்றாதீர்கள். கவாத்து செய்து, துளிர் கிளம்பும் முன் மாற்றுங்கள். ஆறாவது படியில் சொன்ன ஜாக்கிரதை இங்கேயும் உண்டு. பிளாஸ்டிக் தொட்டி என்றால் வெட்டி எடுங்கள். செடியைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

12. குச்சியிலிருந்து புதுச் செடி

கவாத்து செய்த குச்சிகளை எறிய மனசு வராது, எறியவும் வேண்டாம். பென்சில் பருமனில், பச்சையுமில்லாமல் முற்றிப் பழுப்பாகவுமில்லாமல் நடுவாந்திரமாக உள்ள தண்டில், ஆறேழு அங்குல நீளத்துக்கு, நான்கு கணுவாவது இருக்கும்படி நறுக்குங்கள். அடிப்பக்கம் சாய்வாக, மேல்பக்கம் நேராக வெட்டினால் எது தலை எது கால் என்று குழம்பாது. தலைகீழாக நட்டால் வேர் வராது. இலைகளை எடுத்துவிட்டு, அடிமுனையை வேர் ஊக்கித் தூளில் தொட்டு, மணலும் கோகோபீட்டும் சமமாகக் கலந்த சிறு பையில் இரண்டு கணு புதையும்படி செருகுங்கள். நல்ல நிழல், லேசான ஈரம். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துவிட்டால் ஈரம் நிற்கும்.

இரண்டு மூன்று வாரத்தில் கணுவில் துளிர் வரும். பிழைத்துவிட்டது என்று துள்ளிக் குதிக்காதீர்கள். அது குச்சிக்குள் மிச்சமிருக்கும் சத்தில் வருகிற துளிர், வேர் இன்னும் வந்திருக்காது. இந்தக் கட்டத்தில் இழுத்துப் பார்ப்பது, வெயிலில் வைப்பது, உரம் போடுவது மூன்றும் தவறு. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகட்டும். பையின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் தலைகாட்டிய பிறகுதான் வேறு தொட்டிக்கு, அதுவும் பையைக் கிழித்து, மண் உதிராமல். நல்ல கைகளுக்கே எல்லாக் குச்சியும் பிழைப்பதில்லை. என் கைக்குப் பத்தில் நான்கைந்துதான் தேறுகின்றன. நான்கு செடி வேண்டுமென்றால் பத்துக் குச்சியாவது வையுங்கள்.